மூன்று குழல் ஹார்ன்

"எங்கிட்ட பேசும்போது என் மூஞ்சியப் பார்த்துப் பேசணும். பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு முணுமுணுக்கக் கூடாது. புரியுதா?"

எலெக்ட்ரீஷியன் தலையை வெளியே எடுத்தார். "சரிங்க சார்."

குடியிருப்போர் சங்கத் தலைவர் தன் காரின் ஓட்டுநர் இருக்கையில் கொலு வீற்றிருந்தார். மடியில் தோல் ஃபைல். அதற்குள் இரண்டு கடிதங்கள். சங்கத்துக்குச் சொந்தமான பின்பக்கக் கட்டடத்தில் நடக்கும் இந்தப் பட்டறையின் சத்தம் தாங்க முடியவில்லை, உடனே காலி செய்ய வேண்டும் என்பது ஒன்று. சத்தம் அளவோடுதான் இருக்கிறது, தொடர்ந்து நடத்தலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் தலைவரே தயார் செய்து கொண்டுவந்திருந்தார். எதில் கையெழுத்துப் போடுவது என்பதை மட்டும் பாக்கி வைத்திருந்தார்.

"உன் பட்டறை மேல பன்னெண்டு புகார். நானே பால்கனியில உக்காந்து ரெண்டு நாள் கேட்டேன். காது கிழியுது!"

"சார், எட்டு வருஷமா இதுதான் என் பொழைப்பு..."

"அதனாலதான் சந்தர்ப்பம் கொடுக்கறேன். மூணு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள ஏர் ஹார்ன் மாட்டிடு. நான் தெருமுனையில திரும்பும்போதே வாட்ச்மேன் கேட்டைத் திறந்துட்டு நிக்கணும்."

"வண்டியிலயே ஒரு ஹார்ன் இருக்கே சார்?"

"அதெல்லாம் ஒரு ஹார்னா? கொசு கூட ஒதுங்காது."

டயர் அடுக்குக்குப் பக்கத்தில் தலைவரின் மனைவி நின்றிருந்தார். "இவருக்குச் சோறு இல்லாட்டியும் பரவாயில்ல, பவுசு வேணும்" என்று கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தமாகவே சொன்னார். தலைவர் சட்டை செய்யவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய ஆண்களுக்கு அந்தப் பக்குவம் தானாக வந்துவிடும்.

இரண்டு குழல்களை மாட்டி, காற்றடிக்கும் கம்ப்ரஸர் மோட்டாரோடு ரப்பர் குழாயால் இணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் பானெட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "ஹார்னை அமுக்குங்க சார்!"

தலைவர் அசையவில்லை. எலெக்ட்ரீஷியன் இன்னொரு முறை சொன்னார். ம்ஹூம். பெரிய மனிதர்களை அவ்வளவு சுலபத்தில் அசைத்துவிட முடியுமா? மனைவி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அமுக்கினார்.

லாரி ஒன்று பட்டறைக்குள்ளேயே புகுந்துவிட்டது போல் ஓர் அலறல். அலமாரியிலிருந்த நட்டு டப்பா விழுந்து சிதறியது. மதில்மேல் தூங்கிய பூனை, அடுத்த வீட்டு மாடியில் போய்த்தான் நின்றது.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவுதானா?"

"சார்... இதுவே ஜாஸ்தி."

"இன்னொரு குழல் மாட்டு."

மூன்றாவது குழலும் ஏறியது. இந்த முறை எலெக்ட்ரீஷியன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டும் தலைக்குள் ரீங்காரம் அடங்கவில்லை. எதிர் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "பதிமூணாவது புகார் இதோ எழுதறேன்யா!"

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "என்னை என்ன இளிச்சவாயன்னு நினைச்சியா? டப்பா சரக்கை மாட்டி ஏமாத்தறியா?"

ஃபைலைத் திறந்தார். காலி செய்யச் சொல்லும் கடிதத்தை மேலே எடுத்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். மணி இரண்டு நாற்பது.

எலெக்ட்ரீஷியன் கைகூப்பினார். "சார், ஒரே ஒரு நிமிஷம்..."

தலைவரின் மனைவி எலெக்ட்ரீஷியனின் கையைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப்போனார். அரை நிமிடம் ஏதோ சொன்னார். எலெக்ட்ரீஷியன் அவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"நிஜமாவா மேடம்?"

"பத்து நிமிஷத்துல முடியுமா தம்பி?"

எலெக்ட்ரீஷியன் தலைவருக்கு எதிரே வந்து நின்று, முகத்தை நேராகப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "சார், ஸ்பெஷல் ஃபிட்டிங் ஒண்ணு இருக்கு. ரொம்பப் பெரிய ஆளுங்களுக்கு மட்டும்தான் போடுவோம்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? என்னைப் பார்த்தா தெரியலையா?"

தலைவரை இறங்கச் சொல்லிவிட்டு, எலெக்ட்ரீஷியன் கம்ப்ரஸர் மோட்டாரைக் கழற்றி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்து போல்ட் போட்டு முறுக்கினார். பானெட்டுக்குள் குனிந்து எதையோ பிடுங்கி பாக்கெட்டில் செருகிக்கொண்டார். மணி இரண்டு ஐம்பத்தொன்று.

தலைவர் ஏறி உட்கார்ந்து ஹார்னை அமுக்கினார். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு சிலிர்ப்பு ஓடியது. கன்னச் சதை குலுங்கியது. மூக்குக் கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கியது.

"அப்பாடி! இதுதான்யா ஹார்ன்! சத்தம் எப்படி?"

"இடி மாதிரி இருக்கு சார்" என்றார் எலெக்ட்ரீஷியன், முகத்தைப் பார்த்தபடியே.

தலைவர் மற்றக் கடிதத்தை எடுத்து, 'நேரில் வந்து என் இரு காதாலும் கேட்டேன். பட்டறையில் சத்தமே இல்லை' என்று ஒரு வரியும் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

காரில் ஏறுமுன் அவர் மனைவி, கணவரின் பிடரிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றபடி உரக்கவே சொன்னார்: "கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லி வாட்ச்மேனுக்கு நான் போன் பண்ணிக்கறேன். ரெண்டு காதும் போய் நாலு வருஷமாச்சு, உதட்டைப் பார்த்தேதான் சமாளிக்கறார். நமக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம் தம்பி."

தெருமுனை வரை தலைவர் ஹார்னை அமுக்கிக்கொண்டே போனார். ரப்பர் குழாய் எலெக்ட்ரீஷியனின் பாக்கெட்டில் இருக்க, இருக்கை மட்டும் கிடுகிடுக்க, பழைய ஹார்ன் 'பீப்' என்று முனக, மதிலுக்குத் திரும்பி வந்து சுருண்டுகொண்ட பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.