சண்டைக்கு ஒரு பேனா

மாத்தளை மாதர் சங்கத்தில் மரப்பேனா கடையப் பழகிய பெண்களில் காத்தாயிதான் சாலிஹ் மாஸ்டருக்குப் பெரிய தலையிடி. மற்றவர்கள் கடைசல் இயந்திரத்தில் பலாக்கட்டையைச் சுழலவிட்டு, விரலைவிட மெல்லியதாகும்வரை உளியால் சீவினார்கள். இவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"இது என்ன, உலக்கையா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும் மாஸ்டர். மெல்லிசா இருந்தா எங்க வீட்டுக்காரரு ஒடச்சிப்புடுவாரு."

"அப்படி என்னத்த எழுதப் போறார்?"

"எல்லாம் என்கூட சண்டை போடத்தான்."

பக்கத்தில் பேனா கடைந்துகொண்டிருந்த நோனா வாய்விட்டுச் சிரித்தாள். "சண்டைக்கு வாய் போதாதா அக்கா? நீங்க அவரப் பேச விட்டாத்தானே!"

காத்தாயியும் கூடச் சிரித்தாள். "நல்லா பேசினவருதான். கொழும்பு ஆஸ்பத்திரியில தொண்டைய அறுத்தப்போ கொரலையும் சேத்து எடுத்துட்டாங்க."

நோனாவின் சிரிப்பு நின்றுபோனது. மாஸ்டர் அந்தத் தடித்த பேனாவை வாங்கி, தானே அதில் நிப்பைப் பொருத்தினார்.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அழுத்தி எழுதினா ஏசுறாருன்னு வெளங்கிக்குவேன், நானும் திருப்பி ஏசுவேன். வீட்டுல ஒரு சத்தமும் இல்லாம இருக்க முடியல மாஸ்டர்."

"அழுத்தாம, மெல்ல எழுதினா?"

காத்தாயி பேனாவை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"அப்படி அவரு என்கிட்ட பேசினதே இல்லையே" என்றாள்.