மணியோசை வரும் முன்னே

அபாய மணிக்குப் போகும் ஒயர் அறுந்து தொங்கியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் சரவணக்குமாருக்குப் பாதி விசாரணை முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா? பெல் அடிச்சிருந்தா ஜனம் ஓடியிருக்கும். ஒருத்தர்கூட ஓடலையே! உங்க முதலாளி ஒயரைக் கழட்டிப் போட்டிருக்காரு."

மேனேஜர் ஆனந்தன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். திருமழிசை தொழிற்பேட்டையில் அந்த தெர்மோகோல் ஷெட் எரிந்தது போன வாரம்தான். நாற்றம் இன்னும் போகவில்லை.

"அடிச்சுது சார். என் கையாலதான் அமுக்கினேன். அமுக்கிட்டு ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ண ஓடினேன். ஒயர் அப்புறமா எரிஞ்சது."

"அடிச்சும் ஏன் யாரும் எழுந்திருக்கலை?"

ஆனந்தன் தரையைப் பார்த்தார்.

பெரிய தீ விபத்துகளைத் துருவி விசாரிக்கவென்றே அரசாங்கம் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தது. அதன் அதிகாரியாக சரவணக்குமார் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம். அவர் எழுதுகிற அறிக்கையை வைத்துத்தான் இனி மற்ற ஷெட்டுகளுக்கும் விதிமுறை வரும். அதிகாரம் கைக்கு வந்த பிறகு இதுதான் முதல் கேஸ்.

இந்த ஷெட் அவருக்குப் புதிதல்ல. முன்பு பாதுகாப்புச் சோதனைக்கு வருஷா வருஷம் வந்தவர்தான். ஆபீஸ் அறையில் டீயைக் கையில் வாங்கியதும் "பெல்லை அமுக்குங்க" என்பார். கணீரென்று அடிக்கும். டீயைக் குடித்து முடித்து உள்ளே போனால், அத்தனை பெண்களும் தொப்பியும் மாஸ்க்குமாக, கொலுவில் வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. மற்ற கம்பெனிகளுக்குப் போனால் அவர் இந்த ஷெட்டைத்தான் உதாரணம் காட்டுவார்.

அதனால்தான் அவருக்கு வயிறு எரிந்தது. அப்படிப்பட்ட பெண்களில் ஐந்து பேரைக் கொன்றுவிட்டானே பாவி! ஐந்து பேரும் தொப்பி, மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் அவரவர் மேசையடியிலேயே கிடந்ததாகத் தீயணைப்புக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மணி அடிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனாலும் உயிருள்ள ஒரு வாய் சொன்னால்தான் முதலாளியை உள்ளே தள்ள முடியும்.

அந்த வாய் பேபியுடையது. ஜன்னலை உடைத்து உயிரோடு தூக்கியது அவள் ஒருத்தியைத்தான். குமணன்சாவடியிலிருந்து பஸ் பிடித்து, கட்டுப் போட்ட கையோடு வந்து கேட் பக்கம் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன ஐந்து பேரில் நிஷா அவளுடைய கூடப் பிறந்த தங்கை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சரவணக்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பயப்படாம சொல்லும்மா. பெல் அடிக்கலை, அதானே?"

"அட்ச்சிது சார்."

அவர் திரும்பி ஆனந்தனை முறைத்தார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

ஆனந்தன் ரோட்டோரம் போய் நின்றார்.

"இப்ப சொல்லு. உன்னை யாராவது மிரட்டி வெச்சிருக்காங்களா?"

"என்னை இன்னாத்துக்கு சார் மெரட்டணும்? எனக்கு இனிமே போறதுக்கு இன்னா கீது? பெல்லு அட்ச்சிது. என் காதால கேட்டேன்."

சரவணக்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டுட்டா உட்கார்ந்திருந்தீங்க? பக்கத்துலயே தங்கச்சி இருந்தாளேம்மா! அவளையாவது இழுத்துக்கிட்டு ஓடியிருக்கலாமே?"

பேபிக்கு அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிவிட்டது.

"அவ எந்திரிச்சா சார். 'யக்கா, இன்னாமோ பெல்லு அடிக்குது, வாக்கா ஓடிறலாம்'னா. புச்சா வந்த பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? நான்தான் அவ கைய புட்ச்சி இஸ்து குந்த வெச்சேன். நானே அவ தலையில தொப்பிய மாட்டி வுட்டேன். அப்பால ஸ்டோர் ரூம் பக்கமிருந்து பொக வந்துச்சி பாரு... ஒரே இருட்டு. அவ கைய தேடினேன், கெடிக்கில சார்."

தங்கையை உட்கார வைத்தது தான்தான் என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். ஒரு வார்த்தை சரவணக்குமாரை உறுத்தியது.

"தொப்பியை அப்பதான் மாட்டினியா? அதுவரைக்கும் யாரும் போட்டுக்கலையா?"

"அந்த வேக்காட்டுல எவ சார் அத்த போட்டுகினு வேல செய்வா? பெல்லு அட்ச்சாத்தான் போடுவோம். தொப்பி, மாஸ்க்கு மாட்டிகினு, எடத்த வுட்டு அசையாம கம்முனு குந்தணும். மேனேஜரு ஆர்டரு. எல்லாத்துக்கும் பழகிப்போச்சி."

"பெல் அடிச்சா ஓடணும்மா! அதுக்குத்தானே பெல்லே வெச்சிருக்கு! அது எதுக்கு அடிக்குதுன்னு நெனச்சீங்க?"

பேபி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வந்துகீறீங்கன்னு, சார்."