சொந்தத்தில் கல்யாணம்

அப்படியானால் யார்மேலும் தப்பில்லையா என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

இல்லை என்றார் டாக்டர்.

மேசையிலிருந்த நீலப் பேனாவையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து, மூடிகளை மாற்றிப் போட்டுக் காட்டினார். பையனின் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இப்படி இடம் மாறி ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த ஒரு செல் பெருகியதுதான் இந்த ரத்தப் புற்றுநோய். அம்மா அப்பாவிடமிருந்து வந்ததல்ல. சொந்தத்தில் கட்டியதால் வந்ததும் அல்ல. வழக்கமான மருந்து மட்டும் இதற்குப் போதாது, கூடவே ஒரு மாத்திரையும் கொடுக்க வேண்டும்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பேனாக்களைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

மகன் செழியனை வார்டில் சேர்த்த அன்று ஒரு பயிற்சி டாக்டர் கேட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

எல்லோரிடமும் கேட்பதுதான். தாய்மாமன் என்று அவள் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் அப்போதே செத்துப்போனது.

நர்சிங் படிக்கிறேன் என்று காலைப் பிடித்து அழுதவளை, ப்ளஸ் டூ முடித்த கையோடு தன் தம்பிக்குக் கட்டிவைத்தவள் அம்மா. நிலம் வெளியே போகக் கூடாது. தம்பி தனியாக நிற்கக் கூடாது. மாமா நல்லவர்தான். அதுவும் ஒரு கோபம்.

இத்தனை வருடத்தில் அம்மா ஒருமுறைகூட அதைத் தப்பென்று சொன்னதில்லை.

இப்போது சொன்னாள். மருந்துக்கடை வரிசையில், லிஃப்டில், முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லி அழுதாள். பேரனுக்கு ஊட்டிவிட்டுத் தான் சாப்பிடாமல் கிடந்தாள்.

அம்மா அழுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மகன் வாந்தியெடுத்துத் துவண்ட நாளிலும் குளிர்ந்தது.

இப்போது டாக்டர் சொல்கிறார், தானாக நடந்ததாம்.

தானாக நடந்ததை யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்து எழ முயன்ற அம்மா, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னடி சொன்னாரு? நான் பண்ணி வெச்சதுதானா?"

இல்லை. அந்த ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும்.

அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையில் புரண்ட முந்தானையை எடுத்து அம்மாவின் மடியில் போட்டாள்.

அம்மா மெல்லத் தலையாட்டினாள், பதில் கிடைத்துவிட்டதுபோல.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.