பாகற்காய்ப் பரிசோதனை

கோகுலுக்கும் பாகற்காய்க்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான நாள் முதல் ஒரு துண்டைக்கூட அவர் வாய்க்குள் அனுப்ப மனைவி நிரஞ்சனாவால் முடிந்ததில்லை. வயதான காலத்தில் மறதி நோய் முற்றியபோது அதையும் மறுபேச்சில்லாமல் தின்றார். அன்றைக்குத்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு மூக்கில் விடும் சொட்டு மருந்து வந்தது. “புரதம் தப்பா மடிஞ்சு மூளையில திட்டுத் திட்டா ஒட்டிக்கிச்சுங்க. இந்த மருந்து அதையெல்லாம் பிரிச்சுக் கழுவி விட்டுரும்,” என்றார் சுவர்த்திரையில் வந்த டாக்டர். சில மாதம் கழித்து, “திட்டெல்லாம் போயிருச்சுங்க, மூளை பளிச்சுனு இருக்குது,” என்று படமும் காட்டினார்.

படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனுஷன் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறார்! நிரஞ்சனா தன் சொந்தப் பரிசோதனையைத் தொடங்கினாள். தினமும் மத்தியானம் பாகற்காய்ப் பொரியல். அவர் தட்டைக் காலி செய்யச் செய்ய, அவளுக்கு மனசு விட்டுப்போனது.

ஒரு வியாழக்கிழமை, முதல் வாய் உள்ளே போனதும் அவர் முகம் கோணியது.

“த்தூ! மனுசன் திங்கிறதா இது? நிரஞ்சனா, உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?”

பெயர் சொல்லியே திட்டிவிட்டார்! அவள் கரண்டியும் கையுமாக ஓடிப்போய், பெங்களூரில் இருக்கும் மகளைப் போனில் பிடித்தாள்.

“கண்ணு, உங்கப்பா என்னைத் திட்டிட்டாரு!”

“நெசமாவா? நானும் கேக்கணும்மா!”

நிரஞ்சனா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தட்டில் இன்னொரு கரண்டி பாகற்காயை வைத்தாள்.