அளவெடுத்துச் செய்த வில்

"ஐசே செபம், உமக்கு விசர்தான் பிடிச்சிருக்கு. ஒரு வளைஞ்ச தடிக்கு இவ்வளவு காசோ?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார் சண்முகநாதன். அந்தப் பக்கம் நின்ற செபநாயகம் சிரித்தார். இந்தியாவில் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்து, காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்த சொந்தக்காரர் மூலம் எடுப்பித்த வில் அது. செபநாயகத்தின் மகள் நிரோஜா அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு நின்றாள்.

"தடியில்லை நாதன். மரமும் கொம்பும் ஒட்டிச் செய்த மரபு வில்லு. எய்யிற ஆளின்ரை கையை அளந்துதான் செய்வினம்."

"உந்தக் காசுக்கு நான் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர் வாங்கிப் போடுவன்."

"வாங்கலாம்தான்," என்றார் செபநாயகம்.

சண்முகநாதனுக்கு இதுதான் பிடிக்காது. எதிராளி திருப்பிக் கதைத்தால்தானே கதையில் ஒரு ருசி இருக்கும்.

நிரோஜா நாணை இழுத்துப் பார்த்தாள். நெட்டைப் பிள்ளை, நீளக் கை. இன்னும் இழுக்க அவள் கையில் இடமிருந்தது. வில்தான் இடம் கொடுக்கவில்லை.

"பொறும், பொறும். அளந்து செய்ததெண்டீர். பிள்ளைக்குக் கட்டையாயெல்லோ கிடக்கு?"

செபநாயகம் மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"ஓம், கொஞ்சம் பிசகித்தான் போச்சு."

இது போதாதா? அன்று பின்னேரமே உடுவில் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கதை தொடங்கிவிட்டது. அச்சகம் நடத்துகிற செபநாயகம் காசைத் தண்ணீராய் இறைத்து, சொந்த மகளுக்கே அளவு சரிவராத வில்லை வாங்கி வைத்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சண்முகநாதன். கெட்ட மனிதரில்லை அவர். யாராவது காசை வீணாக்கினால் வாய் சும்மா கிடக்காது, அவ்வளவுதான்.

அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். சாருஜா. நிரோஜாவோடு ஒன்றாக வில்வித்தைக் கழகத்துக்குப் போகிறவள், குள்ளப் பிள்ளை. தனக்கும் ஒரு வில் வேண்டுமென்று முன்பொருமுறை அவள் கேட்டபோது, "கழகத்திலை பழைய வில்லு கிடக்குத்தானே? திறமை கையிலை இருக்கவேணும், கடையிலை இல்லை," என்று முடித்துவிட்டார்.

அதோடு விட்டாரா? பொங்கலன்று ஒரு கட்டளையும் போட்டார். இந்த வருடம் மாகாண அணிக்குத் தெரிவானால் சரி. இல்லையென்றால் வில்லும் வேண்டாம், அம்பும் வேண்டாம், பேசாமல் படிக்க வேண்டியதுதான். நிரோஜாவின் வில் வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான்.

தெரிவுப் போட்டியன்று, வெங்காயத்தை லொறியில் ஏற்றிவிட்டுச் சண்முகநாதன் மைதானத்துக்குப் போய்ச் சேர எல்லாம் முடிந்திருந்தது.

சாருஜா ஓடி வந்தாள். "அப்பா, நான் தெரிவாகிட்டன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் தலையைத் தடவினார்.

"நிரோஜா?"

"இல்லையப்பா. ஒரு இடத்தாலை விட்டிட்டாள்."

செபநாயகம் பயிற்சியாளர் றமேஸோடு வேப்பமரத்தடியில் நின்றார். ஆறுதல் சொல்லத்தான் சண்முகநாதன் போனார். போகிற வழியில் வாய் வேறு யோசித்துவிட்டது.

"குறை நினையாதையும் செபம். நான் அப்பவே சொன்னனானெல்லோ? விலை கூடின வில்லு என்னத்தைக் கிழிச்சது? என்ரை பிள்ளை கழகத்துப் பழைய வில்லாலை வெண்டிட்டாள்."

"ஓம் நாதன். கெட்டிக்காரி."

றமேஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழகத்து வில்லோ? அது பொங்கலுக்கு முதலே வெடிச்சுப்போச்சு அண்ணை. ரெண்டு பிள்ளையளும் நிரோஜாவின்ரை வில்லாலைதானே பழகினவை. இண்டைக்கும் ஒருத்தி எய்துபோட்டுக் குடுக்க மற்றவள் எய்தவள்."

சண்முகநாதன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கழகத்து வில்லு உடைஞ்சதெண்டு சொன்னால் நீங்கள் அப்பவே நிப்பாட்டியிருப்பியள் அப்பா," என்றாள் சாருஜா.

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விட மனம் வரவில்லை.

"சரி, ஒரே வில்லெண்டே வைப்பம். அதாலை எய்தும் என்ரை பிள்ளைதானே வெண்டவள்? அப்ப நான் சொன்னது சரிதானே, கைதான் முக்கியம்."

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ அண்ணை," என்றார் றமேஸ். "அந்த வில்லு சாருஜாவின்ரை கை அளவுக்குச் செய்தது. நான்தான் அளந்து குடுத்தனான். நிரோஜா அதோடை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சண்முகநாதனுக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர்களின் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்து, இன்னும் வெட்கமாக இருந்தது.

"ஐசே, உம்மடை காசு, உம்மடை பிள்ளை. ஏன் இப்பிடிச் செய்தனீர்?" என்றார், குரல் இறங்கி.

"நான் நிரோஜாவின்ரை அளவைத்தான் அனுப்பச் சொன்னனான் நாதன். அவள்தான் விடேல்லை. தனக்கு அடுத்த வருசமும் இருக்காம்," என்றார் செபநாயகம். "சாருஜாவுக்கு நீர் இந்த வருசம் மட்டும்தானே குடுத்தனீர்."