தானே திறந்துகொண்டது

"அந்தப் பொண்ணால முடியல மேடம். பாவம், கண்ணு தெரியாது. துறையூர் ஆபீஸ்ல கூட்டம் கம்மி. அங்க மாத்திட்டா அதுக்கும் நிம்மதி."

சொல்லிவிட்டு சூப்பரின்டெண்ட் சிவசங்கர் கர்ச்சீப்பால் தன் கண்களை ஒற்றிக்கொண்டார். என்ன ஒரு இளகிய மனசு!

மாற்றல் உத்தரவு மேலதிகாரி பிரேமலதாவின் கையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. ஆனாலும் ஒருவரைத் தூக்கியடிக்கும் முன் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று திருச்சி தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்ரீரங்கம் கிளைக்கே வந்துவிட்டார்.

லிசி எழுந்து நின்றாள்.

"பாலக்கரையில வீடு மேடம். இங்கன்னா ஒரே டவுன் பஸ். துறையூருக்குப் போயிட்டு வரவே நாலு மணி நேரம் ஆயிடும். தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

"மனு எல்லாம் எப்படிம்மா படிக்கிறீங்க?"

"திரையில இருக்கறத கம்ப்யூட்டரே படிச்சுச் சொல்லும் மேடம். ஆன் பண்ணா போதும், எனக்கு வேண்டியதெல்லாம் வரிசையாத் தானே திறக்கும். நானே அப்படி செட் பண்ணி வெச்சிருக்கேன்."

"செட் பண்ணி என்ன பிரயோஜனம்?" சிவசங்கர் குறுக்கிட்டார். "இத்தனை வேலைக்கு நடுவுல நானே தினம் இருபத்தஞ்சு மனு முடிக்கறேன். இது நாலு! வேணும்னா ஆன் பண்ணச் சொல்லிப் பாருங்க மேடம்."

லிசி கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்ளப் போனாள்.

"அதெதுக்கு? மேடமும் கேக்கட்டும்."

"வேணாம் சார்..."

"குடும்மா!" வயரை அவரே பிடுங்கினார்.

கம்ப்யூட்டர் வாய் திறந்தது.

"மனுப் பதிவேடு. லிசி. நேற்று முடித்தவை, நான்கு."

"கேட்டீங்களா மேடம்?" அவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "மெஷினே சொல்லிடுச்சு!"

மெஷின் இன்னும் முடிக்கவில்லை. அடுத்தது தானே திறந்துகொண்டது.

"மனுப் பதிவேடு. சிவசங்கர், சூப்பரின்டெண்ட். நேற்று முடித்தவை, இருபத்தாறு."

பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தது.

"இவரோட லாகின் உங்க கம்ப்யூட்டர்ல எப்படிம்மா?"

லிசி தயங்கினாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"சாரைத் தப்பா நினைக்காதீங்க மேடம். திரையைப் பார்த்தா அவருக்குக் கண்ணு கூசுதாம். பாஸ்வேர்டு குடுத்தாரு. தினம் அவரோடதை முடிச்சிட்டு, மிச்ச நேரத்துல என்னோடதைப் பார்ப்பேன்."

பிரேமலதா பேனாவைத் திறந்தார். உத்தரவில் பெயரை மட்டும் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். துறையூரை மாற்றவில்லை.