மீற்றர் பொய் சொல்லாது

வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அறிய, மற்றக் கள்ளர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். கல்லெறிந்து நாயைச் சீண்டிப் பார்ப்பார்கள். லக்ஷன் அப்படிப்பட்ட நாகரிகமில்லாத வேலை எதுவும் செய்வதில்லை. நீலச் சட்டையும் கழுத்தில் ஓர் அட்டையுமாகப் பட்டப்பகலில் கேற்றைத் திறந்துகொண்டு போய், சுவரில் இருக்கும் கரண்ட் மீற்றரைப் பார்ப்பான். மீற்றர் பார்க்கிறவனை யார் ஏனென்று கேட்பார்கள்?

உள்ளே இருக்கும் தகடு வேகமாகச் சுற்றினால் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். ரிவி ஓடுகிறது, விசிறி ஓடுகிறது. ஆமை வேகத்தில் சுற்றினால் ஆட்கள் வெளியே போயிருக்கிறார்கள். பிரிட்ஜ் மட்டும் ஓடுகிறது, பொழுதுபட வந்துவிடுவார்கள். தகடு அசையாமல் நின்றால்? பிரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் நாலைந்து மாதத்துக்குத் திரும்பமாட்டார்கள்.

"மனுசர் பொய் சொல்லுவினம். மீற்றர் சொல்லாது" என்பது அவனுடைய தொழில் வேதம்.

வேடிக்கை என்னவென்றால், அவனைக் கவிழ்த்ததும் ஒரு பிரிட்ஜ்தான். மனைவி நிரோஜா ஆசைப்பட்டாளே என்று தவணைக்கு ஒன்று எடுத்துப் போட்டான். அது ஐஸ் போட்டதோ இல்லையோ, பில்லைப் போட்டது. கட்ட முடியாமல் விட, வந்து கரண்ட் லைனை வெட்டிவிட்டார்கள். நிரோஜா அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெடுங்கேணிக்கு, தாய் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"லைற் எரிஞ்சால் சொல்லுங்கோ, வாறன். உங்கடை முகத்தை இருட்டிலை பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

முகத்தைப் பற்றிச் சொன்னதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பிள்ளையின் சத்தம் இல்லாத வீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. எப்படியாவது காசைக் கட்டி லைனைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

வவுனியா தோணிக்கல்லில் வீரபாகு என்பவரின் வீட்டு மீற்றரைக் கண்டதும் அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தகடு அசையவில்லை. அடுத்த நாளும் போய்ப் பார்த்தான். அன்றும் அசையவில்லை. யன்னல்களும் இறுக்கிச் சாத்தியிருந்தன.

எதற்கும் விசாரித்துவிடுவோம் என்று, எதிரே இருந்த மஹ்றூபின் கடையில் போனைச் சாஜ் போடக் கொடுத்துவிட்டுக் கதை கொடுத்தான்.

"நானா, முன் வீட்டு ஆக்கள் இல்லையோ? மீற்றர் பாக்கப் போனனான், ஒருத்தரையும் காணேல்லை."

"வீரபாகு ஐயாவா? கொஞ்ச நாளா கடைப் பக்கமே வாறல்ல தம்பி. போன மாசந்தான் சுவிஸில இருக்கிற மகள் பெரிய ரெண்டு கதவுப் பிரிட்ஜ் ஒண்டு எடுத்துக் குடுத்தவ. இப்ப ராவையில ஒரு லைட் எரியிறல்ல. முந்தியெண்டா கரண்ட் போனா மெழுகுதிரியாவது வாங்குவாங்க. இப்ப அதுவும் இல்ல."

"அப்ப மகளிட்டையே போட்டினமாக்கும்."

"அப்படித்தான் இருக்கும். இந்தா போன், முழுசா ஏறிட்டு. கரண்டுக்குக் காசு கேக்கல்ல, ஒரு பிளேன்ரீயாவது குடிங்க."

லக்ஷன் பிளேன்ரீ குடித்தான். பணிஸும் ஒன்று சாப்பிட்டான்.

அன்று நடுச்சாமத்தில் பின்பக்கமாகப் போனான். குசினி யன்னலின் கொளுக்கி தேய்ந்திருந்தது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, போனில் ரோச்சைப் போட்டான். ரெண்டு கதவுப் பிரிட்ஜ் புது மாப்பிள்ளைபோல மினுங்கிக்கொண்டு நின்றது. திறந்தான். உள்ளே குளிரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மேல் தட்டில் கூறைச் சேலை, கீழ்த் தட்டில் வேட்டி சட்டை, முட்டை வைக்கும் குழிகளில் பூச்சி உருண்டைகள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலி வெட்டாமல் உடுப்பையெல்லாம் இதற்குள் அடுக்கி வைத்துவிட்டல்லவா விமானம் ஏறியிருக்கிறார்கள்! கெட்டிக்காரர்தான். நாளைக்கே நிரோஜாவுக்குப் போன் எடுத்துவிடலாம்.

அந்தச் சந்தோசத்தில் வெளிச்சத்தை முன்னால் பிடிக்க மறந்து, நகை அலுமாரியைத் தேடி ஹோலுக்குள் காலை வைத்தான். கால் மெத்தென்று எதன்மேலோ ஏறியது.

"ஐயோ, என்ரை வயிறு!"

ரோச்சைத் திருப்பினான். ஹோல் முழுக்கப் பாய். பாய்களில் வரிசையாக நாலு பேர்: வீரபாகு, மனைவி இராசமலர், விடியமுன் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போய் இருட்டியபின் திரும்பும் இரண்டு மகன்மார். அந்த மகன்மார் எழும்பிய வேகத்தில் லக்ஷன் தரையில் கிடந்தான். மூத்தவன் முதுகில் ஏறிக் குந்தினான், இளையவன் காலைப் பிடித்தான். கையிலிருந்து பறந்த போன், வெளிச்சம் மேலே தெரிய விழுந்தது.

கன்னம் சீமெந்தில் அழுந்தக் கிடந்த லக்ஷனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மீற்றர் நின்றதே! கண்ணால் கண்டேனே!

"கள்ளன்! கள்ளன்! லைற்றைப் போடுங்கோடா!" என்று இராசமலர் கத்தினாள். "பொலிஸுக்கு அடியுங்கோ!"

"எங்கடை போனிலை எங்கையம்மா சாஜ்?" என்றான் மூத்தவன். இளையவன் எழும்பி மெயின் சுவிச்சை நோக்கி ஓடினான்.

"மெயினிலை கை வைச்சியோ, கையை முறிப்பன்!"

வீரபாகு போட்ட சத்தத்தில் இளையவன் பாதி வழியில் நின்றான். கள்ளனைக் கண்டபோதுகூட அவர் இப்படிப் பதறவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு எழும்பி வந்து, லக்ஷனின் போனை எடுத்துப் பொலிஸுக்கு அடித்துச் சொன்னார். பிறகு அதைக் கதிரையில் பக்குவமாக நிமிர்த்தி வைத்தார்.

"இந்த மாசம் சரியா அறுபது யூனிற்றிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறன், ஒண்டு கூடினாலும் முழுப் பில்லும் கூடின விலைக்கு ஏறிப்போகும். நாளைக்கு மீற்றர் பாக்கிறவன் வந்துபோகுமட்டும் பிரிட்ஜும் இல்லை, லைற்றும் இல்லை எண்டு சொன்னனானெல்லோ?" என்றார் மகன்மாரிடம்.

"பொலிஸ் வருமட்டும் இந்தத் தம்பியின்ரை ரோச் வெளிச்சமே காணும்!"